அம்மாவின் ஸ்கூட்டரும் ஒரு டின் ஆயிலும்

ஐம்பதைத் தாண்டியவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டு ஸ்கூட்டருக்குப் பெட்ரோலில் ஆயில் கலந்தது யார்? பெரும்பாலும் அப்பா என்பீர்கள். சிலருக்கு அண்ணன், சிலருக்குச் சித்தப்பா. எங்கள் வீட்டில் கலந்தது அம்மா.

நம் பிள்ளைகளுக்கு இது புரியாது. அன்றைய டூ ஸ்ட்ரோக் வண்டியில் எஞ்சினுக்கென்று தனியாக ஆயில் கிடையாது. பெட்ரோலோடு கலந்து ஊற்றுகிற ஆயில்தான் உள்ளே போய்ப் பிஸ்டனை வழவழப்பாக வைக்கும். அதிகமானால் புகை கக்கும், பிளக்கில் கரி பிடிக்கும். குறைந்தால் எஞ்சின் போய்விடும். பங்க்கிலேயே கலந்து கொடுப்பார்கள். ஆனால் அப்பாவுக்கு பங்க் ஆட்கள் மேல் நம்பிக்கை இல்லை. ஆயில் டின் தனியாக வாங்கி வைத்துக்கொண்டு வீட்டில்தான் கலப்பார். அந்தப் பழக்கத்தை அம்மா அப்படியே எடுத்துக்கொண்டாள்.

இது நடந்தது எண்பதுகளின் பின்பாதியில். எனக்குப் பதினொரு வயது. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தோம். அப்பா மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. போகும்போது ஸ்கூட்டரை மாமாவிடம் கொடுத்துவிடச் சொல்லிவிட்டுத்தான் போனார். மாமா அம்மாவின் அண்ணன், குரோம்பேட்டையில் இருந்தார். அவர் இரண்டு முறை வண்டியை எடுத்துப்போக வந்தார். அம்மா முதல் முறை மழை விடட்டும் என்றாள். இரண்டாம் முறை சாவியைக் காணோம் என்றாள். சாவி அவள் புடவைத் தலைப்பில் முடிந்திருந்ததை நான் பார்த்தேன்.

அம்மாவுக்குப் படப்பையைத் தாண்டி ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை. பஸ்ஸில் தாம்பரம் போய், ரயில்வே லைனைத் தாண்டி மேற்குப் பக்கம் நடந்து, இன்னொரு பஸ் பிடித்து, இறங்கியபின் மறுபடி ஒரு மைல் நடக்க வேண்டும். திரும்பி வீடு வந்து சேர எட்டு மணியாகும். ஸ்கூட்டர் இருந்தால் ஆறரைக்கே வந்துவிடலாம். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் அவள் வண்டி கற்றுக்கொண்டாள். எனக்காகத்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

எங்கள் தெருவுக்குப் பின்னால் வயலையெல்லாம் மனை பிரித்துக் கல் நட்டுப் போட்டிருந்தார்கள். யாரும் வீடு கட்ட ஆரம்பிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வண்டியைத் தள்ளிக்கொண்டு போவோம். சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. அப்பா ஓட்டும்போது பின்னால் உட்கார்ந்து பார்த்ததுதான் அவளுக்குத் தெரிந்தது. கிளச்சை விடும்போதெல்லாம் வண்டி துள்ளிக்குதித்து நின்றுபோகும். அவள் இறங்கி உதைப்பாள், ஏறுவாள், மறுபடி துள்ளும். நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவேன். நாலாவது ஞாயிறு வண்டி துள்ளாமல் போனது. போய்க்கொண்டே இருந்தது. மனைக்கற்களுக்கு நடுவே, புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, அம்மா சின்னதாகிக்கொண்டே போனாள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. திரும்பி வந்ததும், "ரெண்டாவது கியர் போட்டேன் பாத்தியா!" என்றாள். அவள் அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

கீழ் வீட்டில் வீட்டுக்காரம்மா. அந்த மனைகளெல்லாம் ஒரு காலத்தில் அவர்களுடைய நிலம். அவர் அம்மாவை ஆபீஸ்காரம்மா என்றுதான் கூப்பிடுவார். ஸ்கூட்டர் கிளம்பும்போதெல்லாம் கேட்டருகே வந்து நிற்பார். "இன்னாம்மா இது, ஆம்பள மாதிரி கியர் வண்டி ஓட்டினு போறே. ஊரே பாக்குது" என்பார். அம்மா, "பாக்கட்டும்க்கா, வழி விட்டா போதும்" என்பாள்.

ஞாயிறு காலையில் பெட்ரோல் கலப்போம். கிணற்றடியில் சிமெண்ட் தரை. முதலில் அம்மா கறுப்பு பிளாஸ்டிக் கேனில் ஆயிலை ஊற்றுவாள். இருமல் மருந்து பாட்டிலோடு வந்த அவுன்ஸ் கிளாஸ்தான் அளவு. லிட்டருக்கு இருபது மில்லி. அதன்மேல் பெட்ரோல். பிறகு மூடியை இறுக்கி என்னிடம் கொடுப்பாள். நான் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆட்ட வேண்டும். ஆட்டாவிட்டால் ஆயில் அடியிலேயே தங்கிவிடும். நூறு வரை எண்ணுவேன். உள்ளே பெட்ரோல் சளப் சளப்பென்று வயிற்றில் இடிக்கும். ஆயில் கரும்பச்சையாக, விளக்கெண்ணெய் மாதிரி மெல்ல இறங்கும். பெட்ரோல் வாசனை மூக்கின் உச்சியில் ஏறும். வாரத்தில் அந்த அரை மணி நேரம் அம்மா எங்கேயும் கிளம்பத் தயாராக இருக்க மாட்டாள். தலை பின்னாமல், பழைய நைட்டியோடு, என் எதிரே குந்தி உட்கார்ந்திருப்பாள். நான் நூறு எண்ணியபின்னும் ஆட்டிக்கொண்டிருப்பேன்.

மற்ற நாட்கள் வேறு மாதிரி. மூன்றே முக்காலுக்குப் பள்ளியிலிருந்து வந்து வீட்டுக்காரம்மாவிடம் சாவி வாங்கிக்கொண்டு மேலே போவேன். தட்டில் மூடி வைத்த சாதம் ஆறிக் கெட்டியாகியிருக்கும். என் வயதுப் பிள்ளைகள் அந்தத் தெருவில் இல்லை. வீட்டுக்காரர்களின் பிள்ளைகள் எல்லாம் பெரியவர்கள். ஒரே சினேகிதி சேலையூரில் இருந்தாள், அவ்வளவு தூரம் தனியாகப் போகக் கூடாது. பாடம் எழுதி முடித்துவிட்டு அப்பா அனுப்பிய கேசட்டைப் போடுவேன். அப்பா பேசுவார். "நல்லா படிக்கிறியா? அம்மாவை நல்லா பாத்துக்கோ." கேள்வி கேட்டபின் கொஞ்சம் இடைவெளி விட்டிருப்பார். அந்த இடைவெளியில் நான், "படிக்கிறேன்ப்பா" என்று பதில் சொல்வேன். கேசட் ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் அதே கேள்வியைக் கேட்டது. நானும் அதே பதிலைச் சொன்னேன்.

பிறகு மாடிப்படியில் வந்து உட்காருவேன். விமானப்படைத் தளத்திலிருந்து சின்ன விமானங்கள் தலைக்கு மேல் வட்டமடித்துவிட்டுப் போகும். வேளச்சேரி ரோட்டில் போகிற வண்டிகளின் சத்தம் கேட்கும். அத்தனை ஸ்கூட்டர்களில் அம்மாவின் ஸ்கூட்டரை எனக்குத் தனியாகத் தெரியும். சைலன்சரில் ஒரு ஓட்டை, அதனால் ஒரு கரகரப்பு. அது வளைவில் திரும்பும்போதே எழுந்து நிற்பேன். ஆறரை என்பது ஏழாகும். மாதக் கடைசியில் எட்டாகும்.

அந்த ஐப்பசியில் எனக்கு மூன்று நாள் காய்ச்சல். முதல் நாள் அம்மா லீவு போட்டாள். இரண்டாம் நாள் போயே ஆக வேண்டும் என்றாள். தலைமாட்டில் பன்னும் பிளாஸ்க்கில் பாலும் வைத்துவிட்டு, என் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். படியிறங்கிப் போனவள் திரும்பி வந்து மறுபடி தொட்டாள். பிறகு ஸ்கூட்டர் சத்தம் தூரமாகிப் போனது. அன்று முழுக்க மழை. மத்தியானம் வீட்டுக்காரம்மா வந்து எட்டிப் பார்த்து, "தூங்கினியா? தூங்கு" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனார். நான் தூங்கவில்லை. சுவரில் ஓதம் ஏறியிருந்த இடத்தில் ஒட்டகம் மாதிரி ஒரு கறை. அதைப் பார்த்துக்கொண்டே சாயங்காலம் வரை கிடந்தேன். ஸ்கூட்டர் இல்லாவிட்டால் அம்மா எப்படிப் போவாள் என்று முதன்முதலில் யோசித்தது அன்றுதான். பஸ்ஸில் போவாள் என்பது தெரியாமல் இல்லை. ஆனால் மழைக்குப் படப்பை ரோடு வெட்டுண்டு அந்தப் பக்கம் பஸ் சரியாக ஓடாத நாட்கள் அவை. ஸ்கூட்டர்தான் எப்படியோ ஓரமாகப் புகுந்து போய்க்கொண்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை வண்டி மக்கர் செய்தது. கேம்ப் ரோட்டில் இருந்த மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனோம். அம்மா அவரைப் பாய் என்பாள், அவர் அம்மாவை அக்கா என்பார். பிளக்கைக் கழற்றி வெயிலில் காட்டினார்.

"இன்னாக்கா, பூரா கரி புடிச்சிகீது பாரு. ஆயில ஜாஸ்தியா ஊத்துறியா?"

"கம்மியாயிடுமோன்னு பயம் பாய். அதான் ஒரு சொட்டு கூட விடுவேன்."

"ஒரு சொட்டா! அளந்து ஊத்துக்கா. லிட்டருக்கு இருவது. கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்."

"கொறைஞ்சா என்ன ஆகும்?"

"கொறைஞ்சா பிஸ்டன் சூடாயி அப்படியே புடிச்சிக்கும். சீஸ் ஆயிடும். அப்பாலே போரிங் போடணும், புது பிஸ்டன் போடணும். பத்து நாளு வண்டி இங்கியேதான் நிக்கும்."

அம்மா சிரித்தாள். "அப்போ பத்து நாள் நானும் லீவு போட்டுட்டு வீட்லதான் உக்காரணும்."

அவள் விளையாட்டாகச் சொன்னது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். வீடு வரும் வரை பின்னால் உட்கார்ந்து அதையே நினைத்தேன். பத்து நாள். சீஸ் என்றால் வண்டி மெல்ல நின்றுவிடும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். பெட்ரோல் தீர்ந்தால் நிற்குமே, அப்படி. ஓடுகிற வண்டியில் பின்சக்கரம் சட்டென்று இறுகிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது. இதை நான் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. தெரியாது என்பது உண்மை.

மறுநாள் ஞாயிறு. அம்மா புது டின் ஆயிலைத் திறந்தாள். மெக்கானிக் சொன்னதற்காக அன்று மிகவும் கவனமாக அளந்தாள். அவுன்ஸ் கிளாஸைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, கோட்டில் சரியாக வந்து நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஊற்றினாள். நாலு லிட்டருக்கு நாலு முறை. நாலாவது முறை ஊற்றி முடித்தபோது கீழ் வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஆபீஸ்காரம்மா! போன் வந்துகீது! மஸ்கட்டு!"

தெருவிலேயே அவர்கள் வீட்டில்தான் போன். அம்மா கையை நைட்டியில் துடைத்துக்கொண்டே ஓடினாள்.

நான் கேனுக்குள் பார்த்தேன். அடியில் பச்சையாக ஆயில் கிடந்தது. கீழே கொட்டியிருக்கலாம், கிணற்றடிச் சாக்கடை பக்கத்திலேயே இருந்தது. ஆனால் பொருளை வீணாக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட பெண் நான். டின்னில் புனலை வைத்து, கேனைக் கவிழ்த்து, ஆயிலை டின்னிலேயே திரும்ப ஊற்றினேன். கடைசிச் சொட்டு வரும்வரை கேனைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். டின் விளிம்பில் வழிந்ததைப் பாவாடையால் துடைத்தேன்.

அம்மா திரும்பி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. "அப்பா பொங்கலுக்கு வர முடியாதாம்" என்றாள். பிறகு கேனில் பெட்ரோலை ஊற்றி, மூடியை இறுக்கி, என்னிடம் கொடுத்தாள். நான் நூறு வரை எண்ணி ஆட்டினேன்.

திங்கட்கிழமை அவள் போனாள், வந்தாள். ஒன்றும் ஆகவில்லை. எனக்கு ஏமாற்றமாகவும் இருந்தது, பெரிய பாரம் இறங்கியது போலவும் இருந்தது. மெக்கானிக் சும்மா சொல்லியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் அம்மா வேர்க்கடலை வாங்கி வந்திருந்தாள். இரண்டு பேரும் உரித்துச் சாப்பிட்டோம். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயில் வேர்க்கடலை இருந்தது, சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆறரைக்குப் படியில் உட்கார்ந்தேன். ஏழானது. விளக்கு போட்டார்கள். கரகரப்புச் சத்தம் வரவில்லை. ஒவ்வொரு ஸ்கூட்டராக வந்து, வளைவைத் தாண்டி, நேராகப் போனது. ஏழரைக்கு வீட்டுக்காரம்மாவின் கணவர் சைக்கிளில் வேகமாக வந்து இறங்கினார். யாரோ அவரிடம் கடைத்தெருவில் சொல்லியிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி மனைவியிடம் பேசினார். எனக்குக் கேட்டது.

"மண்ணிவாக்கம் வளைவுல வுழுந்துட்டாங்களாம். பின்னால லாரி வந்துகினு இருந்துகீது. டிரைவர் பிரேக் அடிச்சி நிறுத்திட்டான். உயிருக்கு ஒண்ணும் இல்ல. கைதான்."

பின்னால் லாரி. அந்த இரண்டு சொற்களை இத்தனை வருடத்தில் ஒருநாளும் மறந்ததில்லை.

தாம்பரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அம்மா படுத்திருந்தாள். வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. கன்னத்தில் தோல் உரிந்து மஞ்சளாக மருந்து. என்னைப் பார்த்ததும், "சாப்டியா?" என்றாள். மாமா ஏற்கெனவே வந்திருந்தார். என் தலையில் கை வைத்துவிட்டு, அம்மாவைப் பார்த்து, "நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார். அதை அந்த வாரத்தில் எத்தனை முறை சொன்னார் என்று கணக்கில்லை.

மூன்றாம் நாள் மெக்கானிக் எஞ்சினைப் பிரித்துவிட்டு எங்கள் வீட்டுக்கே வந்தார். பிஸ்டனை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பக்கவாட்டில் நகத்தால் கீறியது போல நீள நீளமாகக் கோடுகள்.

"ஆயிலே போகல சார்" என்றார் மாமாவிடம். "பழைய பெட்ரோல் கொஞ்சம் டேங்க்ல இருந்துகீது, அத்தால ரெண்டு நாள் தாக்குப் புடிச்சிகீது."

"நான் ஊத்தினேன் பாய்" என்றாள் அம்மா. "நாலு தடவை அளந்து ஊத்தினேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

மாமா எழுந்து கிணற்றடிக்குப் போனார். ஆயில் டின்னோடு திரும்பி வந்தார். அதை அம்மாவின் முகத்துக்கு நேரே சாய்த்துக் காட்டினார்.

"இது எப்ப திறந்தது?"

"ஞாயித்துக்கிழமை."

"பாரு. கழுத்து வரைக்கும் இருக்கு. எங்கேர்ந்து ஊத்தினே?"

அம்மா டின்னைப் பார்த்தாள். இடது கையால் வாங்கி, ஆட்டிப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் கதவோரம் நின்று பார்த்தேன். வலியில்கூட அந்த முகம் அப்படி ஆகவில்லை.

"அப்ப... ஊத்தலையா நான்?" என்றாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை.

மெக்கானிக் மட்டும் விடவில்லை. "சார், இந்தக்கா ஜாஸ்தியா ஊத்துற ஆளு. ஊத்தாம வுடுற ஆளு இல்ல. எனக்கு இது இன்னான்னே புரியல."

"உனக்கு என்னப்பா தெரியும்? போன் வந்துது, ஓடினா, மறந்துட்டா. அவ்ளோதான்" என்றார் மாமா.

மெக்கானிக் பிஸ்டனை மறுபடி துணியில் சுற்றிக்கொண்டு படியிறங்கினார். போகும்போது என்னைப் பார்த்தாரா இல்லையா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. அங்கே இருந்த பெரியவர்களில் சரியாக யோசித்தவர் அவர் ஒருவர்தான். அவர் பேச்சை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

நான் ஏன் வாய் திறக்கவில்லை? பயம்தான். வேறு பெரிய காரணம் தேடி வைத்துக்கொள்ள முடியவில்லை. போலீஸ் வரும் என்று நினைத்தேன். அப்பா ஊரிலிருந்து வந்து அடிப்பார் என்று நினைத்தேன். அம்மா என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடும் என்று நினைத்தேன். முதல் இரண்டும் சீக்கிரமே போய்விட்டன. மூன்றாவது போகவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்ல வெட்கமாக இருந்தாலும். முதல் வாரம் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். பள்ளிவிட்டு வந்தால் கதவு திறந்திருக்கும். அம்மா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான்தான் அவளுக்குத் தலை வாரினேன். சாதம் பிசைந்து கொடுத்தேன். பத்து நாள் என்று கேட்டேன், பத்து நாள் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாளில் முடியவில்லை. மாமா அப்பாவுக்குக் கடிதம் எழுதியிருந்தார். வீட்டுக்காரம்மா வேறு, "வண்டிக்கு ஆயில் ஊத்த மறந்தா நெனப்பு எங்க இருந்துது?" என்று தெருவில் இரண்டு பேரிடம் கேட்டுவைத்தார். அந்தக் கேள்விக்குள் இருந்த நஞ்சு எனக்கு அப்போது தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது. அப்பாவின் பதில் கடிதம் வந்தது. அம்மா அதைப் படித்துவிட்டு அரிசி டப்பாவுக்குள் வைத்தாள். வேலையை விட்டுவிடச் சொல்லியிருந்தார். கம்பெனியிலும் அதற்குள் வேறு பெண்ணைப் போட்டுவிட்டார்கள். மெக்கானிக் சரிசெய்து கொடுத்த வண்டியை மாமா ஒருநாள் வந்து ஓட்டிக்கொண்டு போனார். இந்த முறை அம்மா சாவியைத் தேடவில்லை. ஆணியிலிருந்து எடுத்து நீட்டினாள்.

கட்டுப் பிரிக்க அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு மத்தியானம், நான் டேப் ரெக்கார்டரில் புது கேசட்டைப் போட்டு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டின், புனல், பாவாடை, எல்லாம். சொல்லி முடித்துத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அந்தக் குரல் என்னுடையது போலவே இல்லை. திருட்டுக் குரலாக இருந்தது. அப்படியே ஆரம்பத்துக்கு ஓட்டிவிட்டு, அதன்மேல் பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பதிவு செய்தேன். இடம் மிச்சமிருந்ததால் பதினேழும் சொன்னேன். அடுத்த கேசட்டில் அப்பா, "வாய்ப்பாடு பிரமாதம்" என்று பாராட்டியிருந்தார்.

கட்டுப் பிரித்தபின்னும் அம்மாவின் கடைசி இரண்டு விரல்கள் முழுதாக மடங்கவில்லை. ஆனால் கையைவிட வேறொன்று கெட்டுப்போனது. அவள் தன்னை நம்புவதை நிறுத்திவிட்டாள். ஸ்டவ்வை அணைத்துவிட்டுப் போவாள், திரும்பி வந்து பார்ப்பாள். பூட்டிவிட்டு இழுப்பாள், படியிறங்குவாள், மறுபடி ஏறி வந்து இழுப்பாள். சாம்பாரில் உப்பு போட்டேனா என்று என்னைக் கேட்பாள். "போட்டேம்மா, நான் பாத்தேன்" என்று நான் சொன்னால்தான் அடுத்த வேலைக்குப் போவாள். மனைக்கற்களுக்கு நடுவே இரண்டாவது கியர் போட்டுக்கொண்டு போன பெண், உப்புக்குச் சாட்சி கேட்டாள். நான் சாட்சி சொன்னேன்.

அம்மா இப்போது எந்நேரமும் வீட்டில் இருந்தாள். நான் பள்ளியிலிருந்து வந்து அவள் பக்கத்தில் உட்காருவேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ரோட்டில் ஸ்கூட்டர் போனால் இரண்டு பேர் தலையும் ஒன்றாக நிமிரும். பேச ஒன்றும் இருக்காது. தனியாகப் படியில் உட்கார்ந்திருந்த நாட்களில் காத்திருக்க ஒரு சத்தமாவது இருந்தது.

பிறகு அப்பா வந்தார், சேலையூரில் வீடு கட்டினோம், நான் படித்தேன், எனக்குக் கல்யாணமானது. அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. சாகும்வரை அவர், எதையாவது தேடினால், "உங்கம்மாகிட்ட குடுத்தா எங்க வச்சான்னு மறந்துடுவா" என்று சிரிப்பார். அம்மாவும் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கு நான் ஒருநாளும் எதிர்ப்பேச்சு பேசவில்லை.

போன தை மாதம் வண்டலூர் பக்கம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம், அம்மாவும் நானும். ஆட்டோ கீழே நின்றது. அம்மா மூன்றாவது முறையாக கேஸை அணைத்தாளா என்று பார்க்க உள்ளே போனாள். எனக்கு எரிச்சல் வந்து, "அணைச்சாச்சும்மா!" என்று கத்திவிட்டேன். அவள் வாசற்படியில் நின்று, கோபமே இல்லாமல் சொன்னாள்.

"என்னடி பண்றது? எனக்கு அந்த வயசுலயே மறதி வந்துடுச்சே. வண்டிக்கு ஆயில் ஊத்தாமயே பெட்ரோல் ஊத்தினவ நான். உன்னை அநாதையா விட்டுட்டுப் போயிருப்பேன்."

அங்கேயே சொன்னேன். செருப்பு ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், முழுவதும் சொன்னேன். கீழே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"டின்லயே திருப்பி ஊத்தினியா?"

"ஆமாம்மா."

தலையை ஆட்டினாள். படியிறங்கினாள். ஆட்டோவில் அவள் ஒரு ஓரம், நான் ஒரு ஓரம். கல்யாணத்தில் எல்லோரோடும் பேசினாள், என்னோடு பேசவில்லை. பந்தியில் என் பக்கத்து இலையில் உட்காராமல் எதிர்வரிசையில் போய் உட்கார்ந்தாள். பதினொரு வயதில் நான் பயந்த பார்வை இதுதான் என்று நினைத்தேன். அது எனக்கு வர வேண்டியதுதான் என்றும் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் புடவைகூட மாற்றாமல் சோபாவில் உட்கார்ந்தாள். "உங்க மாமாவுக்குப் போன் போடு" என்றாள். போட்டுக்கொடுத்தேன். மாமாவுக்கு எண்பது வயதாகிறது, காது மந்தம். அம்மா ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"அண்ணா, நான்தான் பேசறேன். அந்த ஸ்கூட்டர் சீஸ் ஆச்சே, மண்ணிவாக்கத்துல."

"எந்த ஸ்கூட்டர்?"

"அவர் மஸ்கட்ல இருந்தப்போ. நான் விழுந்தேனே, கை ஒடிஞ்சுதே. நீ டின்னை எடுத்துட்டு வந்து காட்டினியே."

மாமா யோசித்தார். "டின்னா? எனக்கு ஞாபகமே இல்லையேம்மா. விழுந்தே, அது தெரியும். இப்ப அதுக்கு என்ன?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் அவள் சுமந்ததை, சுமத்தியவர் எப்போதோ கீழே போட்டுவிட்டார். அவள் உடைந்து அழுவாள் என்று பயந்தேன். அவள் அழவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தாள். தெளிவான குரலில், வார்த்தை வார்த்தையாக, முதலிலிருந்து சொன்னாள். புது டின் திறந்தது, கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்தது, நாலு முறை ஊற்றியது, அதற்கப்புறம்தான் போன் வந்தது.

"அப்ப ஆயில் எங்கதான் போச்சு?" என்றார் மாமா. "யாரு எடுத்தா?"

அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். காலையிலிருந்து முதல் முறையாக.

"அது யாரோ. குழந்தைங்க இருக்கிற வீடு" என்றாள். "நான் மறக்கலைண்ணா. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."